ஆகஸ்ட் லீவுக்கு மலைநாடு: டென்ட் வாங்குவதா, கேம்பர் வேன் எடுப்பதா?

செங்கலடியான் | வெள்ளி, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் லீவில் மட்டக்களப்பு செங்கலடியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டுப் பக்கம் வரலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. மெதுவாக நடப்பா, முழங்கால் நோ இருக்கிறது, இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புவா. அவவை வீட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. அவவுக்கும் பேரப்பிள்ளைகளோடு வரத்தான் ஆசை.

ஹோட்டல் அறையில் அடைந்து கிடக்காமல் நாலு இரவும் வெளியில் தங்குவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். முன்னால் இரண்டு வழி இருக்கிறது. நல்ல டென்ட் இரண்டு வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டு வருவது ஒன்று. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திய ஹையேஸ் வேனை வாடகைக்கு எடுப்பது மற்றது. டென்ட் வாங்கினால் நம்மிடமே இருக்கும், அடுத்த முறையும் உதவும். வேன் வாடகை நாலு நாளோடு போய்விடும். ஆனால் அம்மாவை நினைத்தால் வேன்தான் நல்லதோ என்று தோன்றுகிறது.

நுவரெலியாவில் இரண்டு இரவு, ஹோர்ட்டன் சமவெளியில் ஒன்று, எல்லவில் ஒன்று என்பது இப்போதைய திட்டம். அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்.


மலையேறி | வெள்ளி, இரவு 9.05

டென்ட்தான் அண்ணா, யோசிக்கவே வேண்டாம். வேனில் படுப்பதென்றால் றோட்டு எங்கே முடிகிறதோ அங்கேதான் படுக்கலாம். மலைநாட்டில் பார்க்க வேண்டியதெல்லாம் றோட்டு முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. நாரங்கல உச்சியில் புல்லுக்கு நடுவே படுத்து, விடியற்காலையில் கீழே முகில் கடல் மாதிரி நிற்பதைப் பிள்ளைகள் ஒரு முறை பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். மடுல்சீமை, நக்கிள்ஸ் பக்கத்துப் புல்வெளிகளும் அப்படித்தான்.


டொல்பின்காரன் | வெள்ளி, இரவு 9.50

மலையேறித் தம்பி சொல்வது இளந்தாரிகளுக்குச் சரி. முழங்கால் நோ உள்ள அம்மாவை நாரங்கல உச்சிக்கு எப்படி ஏற்றுவது? அந்த ஏற்றத்தில் கடைசிப் பகுதி கையை ஊன்றி ஏற வேண்டியது.

அண்ணன், நான் டொல்பின் வேன் ஒன்றை உள்ளே மாற்றிக் கட்டி, குடும்பத்தோடு சுற்றுகிறவன். மழை பிடித்தால் கதவை இழுத்து மூடிவிட்டு உள்ளே இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். நடு இரவில் ஓர் இடம் சரியில்லை என்று பட்டால் சாவியைத் திருகிக் கிளம்பிவிடலாம். டென்டில் அது நடக்காது. உங்கள் வீட்டு நிலைமைக்கு வேன்தான்.

ஒரு திருத்தம் மட்டும். ஹோர்ட்டன் சமவெளிக்குள் வேனை நிறுத்திப் படுக்க முடியாது. அது 1988 முதல் தேசிய பூங்கா. காலை ஆறு மணிக்கு வாசலைத் திறப்பார்கள், பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே இரவு தங்குவதென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்பே பதிந்து, அவர்கள் காட்டும் முகாம் இடத்தில்தான் கூடாரம் அடிக்கலாம்.


கணக்கப்பிள்ளை மகன் | சனி, காலை 6.30

டென்டா வேனா என்பதை ஒரு பக்கம் வையுங்கள். மாதத்தைப் பார்த்தீர்களா? செங்கலடி அண்ணன் சொல்வது ஆகஸ்ட். நுவரெலியாவில் இரண்டு இரவு, ஹோர்ட்டனில் ஓர் இரவு என்கிறீர்கள். அந்த மாதத்தில் அந்தப் பக்கம் தென்மேல் பருவக்காற்று நின்று ஆடும். ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஈரம்தான். வட்டவளை நாட்டிலேயே கூடுதலாக மழை விழும் இடங்களில் ஒன்று. அங்கே ஆகஸ்டில் நாலு நாள் தொடர்ந்து தூறினால் எந்த டென்டும் காயாது. வேனிலும் ஐந்து பேரின் ஈர உடுப்பைக் காயப்போட இடமிருக்காது.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். மலையில் எந்தப் பக்கம் எப்போது காயும் என்பதற்கு நாங்கள் கொழுந்தைத்தான் பார்ப்போம். திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு, அதாவது ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை, பொகவந்தலாவைப் பக்கம், ருசி ஏறுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு, அதாவது பதுளை, பண்டாரவளைப் பக்கம், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. காரணம் ஒன்றுதான். அந்தந்த மாதங்களில் அந்தந்தப் பக்கம் வறண்ட காற்று வீசும். கொழுந்து மெதுவாக வளரும், வாசம் கூடும். தென்மேல் காற்று மழையை எல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, உச்சியைத் தாண்டி ஊவாப் பக்கம் காய்ந்து இறங்குகிறது. மட்டக்களப்பில் உங்களுக்குக் கச்சான் காற்று தெரியுமல்லவா? அந்தக் காற்று எங்கள் மலையைக் கடந்துதான் உங்களிடம் வருகிறது.

ஆகவே ஆகஸ்டில் வருகிற குடும்பம் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல, நமுனுகுல, பசறைப் பக்கம் தங்க வேண்டும். ஜனவரி கடைசி, பெப்ரவரியில் வருவதென்றால் அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள், மேற்குப் பக்கம் தங்குங்கள். அந்த நாட்களில் வடகீழ் காற்று ஊவாவையும் நக்கிள்ஸின் கிழக்குச் சரிவையும் நனைத்துவிட்டுத்தான் ஓயும். ஆனால் ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவிலும் அம்பேவெலையிலும் வானம் தெளிந்த இரவுகளில் புல்லில் வெள்ளையாக உறைபனி பிடிக்கும். அந்தக் குளிருக்குக் கோடைத் துணி டென்ட் போதாது.

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. செங்கலடிச் சந்தியில் ஏ5 பாதையைப் பிடித்தால் மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று நேரே பதுளைக்குக் கொண்டுவந்து விடும். நுவரெலியாவுக்கு ஏறி இறங்குகிற நேரத்தை மிச்சம் பிடித்து ஊவாவிலேயே நாலு இரவும் இருங்கள்.


செங்கலடியான் | சனி, காலை 9.15

கணக்கப்பிள்ளை மகன் அண்ணா, நீங்கள் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். கொழுந்தின் ருசியை வைத்து மாதத்தைப் பார்க்கலாம் என்று இவ்வளவு காலம் யாரும் சொன்னதில்லை. சரி, ஊவாப் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மூத்தவனுக்கு ஹோர்ட்டன் சமவெளி பார்த்தே ஆக வேண்டும். பள்ளியில் அங்கேயுள்ள ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பு பற்றிப் படித்துவிட்டு வந்து நச்சரிக்கிறான்.

அப்புறம், ஊவா காய்ந்திருக்கும் என்றால் டென்டே போதும்தானே? வேன் செலவு எதற்கு?


பண்டாரவளை ராணி | சனி, காலை 10.02

ஆண்கள் எல்லாரும் மழையையும் காற்றையும் பேசிவிட்டீர்கள். இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புகிற அம்மாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

அண்ணா, இதைப் பெண்ணாக எழுதுகிறேன். டென்டுக்குள் தரையோடு தரையாகப் படுத்த 68 வயது மனுசி எழும்புவது எப்படி என்று யோசியுங்கள். முதலில் உருண்டு முழங்காலில் நிற்க வேண்டும். அந்த முழங்காலில்தான் நோ. பிறகு குனிந்து சிப்பைத் திறந்து, பனியில் நனைந்த வெளித்துணிக்கு அடியால் தவழ்ந்து வெளியே வந்து, இருட்டில் செருப்பைத் தேடி, சறுக்குகிற புல்லில் நடந்து மலசலகூடத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் இரவே அவ தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவா. என் மாமியும் என் அம்மாவும் பயணத்தில் அதைத்தான் செய்வார்கள், நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். சிறுநீரில் எரிவு வந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

வேனில் கட்டில் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருந்தால் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து எழும்பலாம். வாடகைக்கு எடுக்கும் முன் அந்த உயரத்தை நேரில் போய்ப் பாருங்கள். சில வேன்களில் கீழே பெட்டி வைப்பதற்காகக் கட்டிலை உயரமாகக் கட்டியிருப்பார்கள், ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். அது அம்மாவுக்கு டென்டை விட மோசம். கதவுப் படி எவ்வளவு உயரம், பிடிக்கக் கைபிடி இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன மரப்பலகை முக்காலி ஒன்று கொண்டுவந்தால் படியாகவும் உதவும், இருக்கவும் உதவும்.

எந்த இடத்தில் தங்கினாலும் வேனிலிருந்து மலசலகூடம் எத்தனை எட்டில் இருக்கிறது, இரவில் வெளிச்சம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வாருங்கள். காட்சி எப்படி என்று பிறகு கேட்கலாம். எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வீட்டுக் காணியிலும் சிறு தோட்டங்களிலும் டென்ட் அடிக்க, வேன் நிறுத்த இடம் விடுகிறார்கள். குழாய்த் தண்ணீர், கழிவறை, சில இடங்களில் சுடுதண்ணியும் உண்டு. உச்சியில் கிடைக்கும் காட்சி அங்கே கிடைக்காது, ஆனால் அம்மா நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பா.


மலையேறி | சனி, பகல் 12.20

ராணி அக்கா சொன்னதற்கு மறுப்பே இல்லை. அம்மாவுக்கு வேன்தான். ஆனால் வேன் எடுப்பதால் டென்டைத் தள்ளிவிட வேண்டாம் அண்ணா. ஹையேஸில் மூன்று பேருக்கு மேல் நிம்மதியாகப் படுப்பது கஷ்டம். அம்மா, அண்ணி, சின்னவர் வேனில் படுக்கட்டும். நீங்களும் மூத்தவரும் வேனுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் டென்டில் படுங்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அப்பாவோடு டென்டில் படுக்கிற வயது இதுதான்.

ஊவா காய்ந்திருக்கிறது என்பதால் டென்டுக்கு லேசு என்று நினைக்க வேண்டாம். ஆகஸ்டில் அங்கே காற்றுதான் பிரச்சினை. நாரங்கல, மடுல்சீமை உச்சிகளில் இரவில் காற்று கம்பியையே வளைத்துவிடும். நானே ஜூலை, ஆகஸ்டில் அந்த உச்சிகளில் டென்ட் அடிக்க மாட்டேன். மடுல்சீமையில் விளிம்புக்கு வேலி கிடையாது, பனிப்புகார் இறங்கினால் காலடி தெரியாது. பிள்ளைகளோடு அங்கே இரவு வேண்டவே வேண்டாம்.

நீங்கள் தங்கப்போகும் தாழ்ந்த இடத்திலும் காற்று மேற்கிலிருந்து வரும் என்று கணக்கு வைத்து, மேட்டின் கிழக்குப் பக்கம் ஒதுங்கி அடியுங்கள். டென்டின் குறுகிய பக்கமும் கதவில்லாத பக்கமும் காற்றைப் பார்க்கட்டும். பெட்டியோடு வருகிற மெல்லிய கம்பி ஆணிகளை நம்ப வேண்டாம். இந்த மண்ணில் மேலே ஒரு சாண் புல்வேர், அதற்குக் கீழே சரளை. நீளமான இரும்பு ஆணி எட்டுப் பத்து தனியாக வாங்குங்கள். டென்டுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்கிற மாதிரி அடித்து, கயிற்றை எல்லா மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். காற்றில்லாத பின்னேரத்தில் கயிறு கட்டாமல் விட்டால் இரவு இரண்டு மணிக்குக் காற்று வரும்போது எழும்பித்தான் கட்ட வேண்டிவரும்.

யூகலிப்டஸ், பைனஸ் மரத்துக்கு அடியில் ஒதுங்கக் கூடாது. காற்றில் கிளை முறிந்து விழும்.

வாங்கும்போது இரண்டு துணி உள்ளதாகப் பாருங்கள், உள்துணி வலை, வெளித்துணி தரை வரை இறங்க வேண்டும். ஒற்றைத் துணி டென்டில் விடியும்போது நம் மூச்சே நீராகி முகத்தில் சொட்டும். நீர்தாங்கும் அளவு 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் இங்கத்தை மழைக்குப் போதும். குளிர் கீழேயிருந்துதான் ஏறும், ஆகவே நல்ல படுக்கை விரிப்புக்குச் செலவழியுங்கள். தரைக்குப் படங்கு விரிப்பதென்றால் டென்டை விடச் சற்றுச் சின்னதாக மடியுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணி அதில் விழுந்து டென்டுக்கு அடியில் வந்து நிற்கும்.


டொல்பின்காரன் | சனி, பின்னேரம் 4.45

தம்பி சொன்ன ஏற்பாடு நல்ல ஏற்பாடு. இப்போது வேனைப் பற்றி நான் சொல்கிறேன், இதுதான் எனக்குப் பெரிய கவலை.

உள்ளே மரத்தில் கட்டில், அலுமாரி, பட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏறின ஹையேஸ், வெறும் ஹையேஸ் மாதிரி ஓடாது. அறுபது லீட்டர் தொட்டி நிரம்பினாலே அறுபது கிலோ. செங்கலடியிலிருந்து நிரப்பிச் சுமக்க வேண்டாம். குடிக்கிற தண்ணீரை மட்டும் கொண்டுவந்து, தொட்டியை மேலே போய் நிரப்புங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வரக் கூடாது. எந்தக் கியரில் ஏறுமோ அந்தக் கியரில் இறக்குங்கள். ஓட்டோ கியர் என்றால் ‘D’யிலேயே விட்டுவிட வேண்டாம், ‘2’க்கோ ‘L’க்கோ மாற்றுங்கள். பிரேக் சூடாகி மணக்கத் தொடங்கினால் அகலமான இடத்தில் ஒதுக்கி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்ததும், அதே வருடம் செப்டம்பரில் எல்ல – வெல்லவாய பாதையில் இன்னொன்று விழுந்ததும் நாடே அழுத விசயம். நீங்கள் வருகிற லுணுகலை – பசறைப் பாதையிலேயே 13ஆம் மைல்கட்டையில் 2021 மார்ச்சில் பஸ் விழுந்தது. அந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி வீட்டிலிருந்து புறப்படுங்கள். பின்னேரம் புகார் இறங்கிய பிறகு அந்த வளைவுகளில் பழக்கமில்லாத வேனை ஓட்டக் கூடாது.

இரவு நிறுத்தும்போது சமமான தரையைத் தேடுங்கள். கொஞ்சம் சரிவு என்றாலும் தலைப்பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் விடியும்வரை எல்லாரும் ஒரு பக்கம் சரிந்து கிடப்பீர்கள். ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது, கியரைப் போட்டுப் பின் சில்லுக்குக் கல்லு வையுங்கள்.

குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிற வேலை வேண்டவே வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே காஸ் அடுப்பு எரிப்பதும், கரிச்சட்டி வைப்பதும் அப்படித்தான். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். டென்டுக்குள்ளும் இதே சட்டம். சமையல் வெளியே, காற்றுக்கு மறைவாக. இரண்டு கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வையுங்கள், குளிர்ந்தாலும் பரவாயில்லை. குளிருக்குக் கம்பளி இருக்கிறது.


வத்தேகமவாசி | சனி, மாலை 6.10

வெளிநாட்டில் ஓடுகிற பெரிய ஆர்.வி., அல்லது காருக்குப் பின்னால் இழுக்கிற கரவன் இங்கே சரிவருமா? லண்டனில் இருக்கும் மச்சான் அப்படி ஒன்று அனுப்பலாம் என்கிறார்.


டொல்பின்காரன் | சனி, மாலை 6.32

வேண்டாம் என்று சொல்லுங்கள். மகியங்கனைப் பாதைப் பதினெட்டு வளைவிலோ ஹப்புத்தளை – பெரகலைப் பாதையிலோ எதிரே பஸ் வந்தால் இழுவையோடு பின்னுக்கு எடுக்க முடியாது. தோட்டப் பாதைகள் கொழுந்து லொறிக்கு அளந்து போட்டவை. ஹையேஸ்தான் இந்த மலைக்கு மேல் எல்லை. இரண்டு பேர் மட்டும் என்றால் சுசுகி எவ்ரி அளவுச் சின்ன வேன் அதைவிட நல்லது.


கணக்கப்பிள்ளை மகன் | சனி, இரவு 8.00

இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. காட்சி நன்றாக இருக்கிறது என்று தேயிலை மலைக்குள் வேனைத் திருப்பி நிறுத்துகிறவர்கள் கூடிவிட்டார்கள். அங்கே எதுவும் சும்மா கிடக்கிற காணி கிடையாது. ஒன்று தோட்டக் காணி, அல்லது வனத்திணைக்களம், அல்லது தியத்தலாவைப் பக்கம் என்றால் இராணுவக் காணி. நீங்கள் ஆளில்லாத இடம் என்று நினைக்கிற வளைவுக்குக் கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருக்கும். அங்கே அதிகாலையில் எழும்பி மலைக்குப் போக வேண்டிய பெண்கள் படுத்திருப்பார்கள். இரவு பதினொரு மணிக்குப் பாட்டுப் பெட்டி அலறினால் அவர்களுக்குத் தூக்கம் போகும். அவர்கள் குடிக்கிற தண்ணீர் மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் வருவது. அந்த ஊற்றில் சட்டி கழுவுவதும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும் அவர்கள் வாயில் மண் போடுகிற வேலை. தோட்டத்தில் கேட்டு, யாரிடமாவது சொல்லிவிட்டுத் தங்குங்கள். கேட்டு வந்த குடும்பத்தை எங்கள் ஆட்கள் வெறும் தேத்தண்ணியோடு அனுப்ப மாட்டார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் வரும்.

நெருப்பு: ஆகஸ்டில் ஊவாவில் மானாப்புல் காய்ந்து சருகாக நிற்கும். கச்சான் காற்றில் ஒரு பொறி போதும், மலை முழுக்கப் பிடிக்கும். முகாம் நெருப்பு என்ற எண்ணத்தையே இந்த மாதம் விட்டுவிடுங்கள். இன்னொன்று, மரத்திலும் கற்பாறையிலும் குளவிக்கூடு தொங்கும். புகை பட்டால் கிளம்பும். கொழுந்து பறிக்கிறவர்கள் குளவிக்கொட்டுக்கு ஆளாகி ஆஸ்பத்திரிக்குப் போவதும், சிலர் உயிர் விடுவதும் எங்களுக்கு அடிக்கடி வருகிற செய்தி. டென்ட் அடிக்கும் முன் அண்ணாந்து மரத்தையும் பாறையையும் ஒரு முறை பாருங்கள்.

மண்சரிவு: காய்ந்த மாதம் என்றாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. வெட்டிய மண் சுவருக்குக் கீழே வேன் நிறுத்தக் கூடாது. வெடிப்பு விட்ட தரை, திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, சாய்ந்து நிற்கிற மரம் கண்டால் அந்த இடம் வேண்டாம். தேயிலைக்கு நடுவே சமமாகத் தெரிகிற நீளக் குழி கான். மழைத்தண்ணி ஓடுவதற்காகவே வெட்டியது, அதற்குள் டென்ட் அடித்தால் முதல் மழையிலேயே தண்ணி புகும். இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100 தாண்டினால் கிளம்ப ஆயத்தமாகவும், 150 தாண்டினால் வெளியேறவும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. மாவட்ட எச்சரிக்கை வானொலியிலும் வரும். அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, அம்புலன்சுக்கு 1990.


மலையேறி | சனி, இரவு 9.25

இடி பற்றியும் இரண்டு வரி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேரத்தில் இடி மின்னல் வரும். அந்த மாதங்களில் உச்சிப் புல்வெளியில் டென்ட் இருந்தால் மின்னலுக்கு உயரமான பொருள் நீங்கள்தான். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் டென்டை விட்டு இறங்கி வேனுக்குள் போங்கள். இரும்புக் கூண்டு என்பதால் கண்ணாடியை மூடி உள்ளே இருந்தால் பாதுகாப்பு. இந்த ஒரு விசயத்தில் எந்த டென்டும் வேனுக்குப் பக்கத்தில் வராது.


பண்டாரவளை ராணி | ஞாயிறு, காலை 7.40

ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு வழி சொல்கிறேன். தங்குவது ஹப்புத்தளை அல்லது பண்டாரவளையில். விடியும் முன் புறப்பட்டு பொரலந்தை, ஒஹிய வழியாக மேலே ஏறுங்கள். ஒஹியாவுக்குப் பிறகு பாதை ஒடுங்கியது, செங்குத்து. கட்டில் போட்ட வேனை அங்கே ஏற்றாமல் அந்த ஊர் வாகனம் ஒன்றை அன்றைக்கு மட்டும் பிடியுங்கள். பாதை பழகிய சாரதி, உங்களுக்கும் வேடிக்கை பார்க்க நேரம் கிடைக்கும். உலக முடிவில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் முகில் ஏறிவிடும். ஆகஸ்டில் அதற்கு முன்பே மூடினாலும் மூடும், மூத்தவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சுற்றுப்பாதை முழுவதும் அம்மாவால் நடக்க முடியாது. வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்துப் புல்வெளியிலேயே மரை மான்களைப் பார்க்கலாம், அம்மாவும் சின்னவரும் அங்கே இருக்கட்டும். மரைக்குத் தீனி போட வேண்டாம், எத்தனை பேர் போட்டாலும் நீங்கள் போட வேண்டாம். பொலித்தீனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள்.


செங்கலடியான் | ஞாயிறு, மாலை 5.30

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் இருந்து பேசி இப்படி முடிவெடுத்தோம். ஹையேஸ் வேன் எடுக்கிறோம், இன்றைக்கே போய்க் கட்டில் உயரம் பார்த்தேன். அம்மாவையும் கூட்டிப் போய் உட்கார்ந்து எழும்பச் சொன்னேன், சுகமாக இருக்கிறது என்றா. இரண்டு பேர் டென்ட் ஒன்று மட்டும் வாங்குகிறோம், எனக்கும் மூத்தவனுக்கும். இரண்டு இரவு பண்டாரவளைப் பக்கம், ஓர் இரவு ஹப்புத்தளை, கடைசி இரவு எல்ல. நுவரெலியாவை ஜனவரிப் பக்கம் வைத்துக்கொள்கிறோம்.

இரண்டு கேள்வி மிச்சம். இரவில் எவ்வளவு குளிரும்? எல்ல கடைசி இரவு சனிக்கிழமையில் விழுகிறது, பரவாயில்லையா?


கணக்கப்பிள்ளை மகன் | ஞாயிறு, இரவு 7.15

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறரைப் பாகை செல்சியஸ் அளவுக்குக் குறையும் என்று கணக்கு வையுங்கள். பண்டாரவளை சுமார் 1200 மீட்டர், ஹப்புத்தளை 1400க்கு மேல். உங்கள் ஊர் இரவை விட எட்டு ஒன்பது பாகை குறைவு, அதற்கு மேல் காற்று. ஆளுக்கொரு கம்பளி, தொப்பி, காலுறை போதும். அம்மாவுக்கு இரண்டு கம்பளி, ஒன்றைக் கீழே விரிக்க. சோறு வேக வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், காஸைப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

சனிக்கிழமை எல்ல வேண்டாம். நீண்ட லீவில் அந்தச் சின்ன டவுன் வாகனத்தால் அடைத்துவிடும், ஹையேஸைத் திருப்பவும் இடம் கிடைக்காது. எல்லவை முதல் இரவுக்கு மாற்றி, கடைசி இரவைப் பண்டாரவளையில் வையுங்கள்.


பண்டாரவளை ராணி | ஞாயிறு, இரவு 7.40

ஆமாம், மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மலிவாக வாங்கிக்கொண்டு நேரே பதுளை வழியாக இறங்கலாம். லீக்ஸும் கரட்டும் வாங்க மறக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.